பழைய ஜிப்சியில் கார்பெட் மாற்றுவது: முதல்முறை செய்பவர்களுக்கு

மாருதி ஜிப்சி ஜீப்பை வாங்கிய புதிதில் கதவைத் திறந்தாலே ஒரு வாடை அடிக்கும். நனைந்த சாக்கும் பழைய பெட்ரோலும் கலந்த மாதிரி. பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று டேஷ்போர்டில் ஒரு சென்ட் டப்பாவை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஐப்பசி மழையில் கோத்தகிரியிலிருந்து இறங்கி வந்து வீட்டில் நிறுத்தினேன். அப்புறம் மூன்று நாள் நல்ல வெயில். நான்காம் நாள் டிரைவர் காலடியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் தண்ணீர் ஊறி மேலே வருகிறது.

அன்று மாலையே கார்பெட்டைக் கிழிக்க ஆரம்பித்தேன். முந்தைய சொந்தக்காரர் யாரிடமோ கொடுத்து, ஓரிடம் விடாமல் பசை தடவி ஒட்டியிருந்தார். அடியில் சணல் ஃபெல்ட். அதற்கும் அடியில் தகடு எது, துரு எது என்றே தெரியவில்லை. ஃபெல்ட்டுக்குள் ஒரு 25 பைசா சிக்கிக் கிடந்தது. நாலணா செல்லாமல் போனது 2011 ஜூன் மாதக் கடைசியில். அந்தத் தகடு காற்றையே பார்க்காமல் எத்தனை மழைக்காலத்தைக் கழித்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதனால் இதில் வேறு எதை மறந்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம். மலையும் சேறும் பார்க்கிற வண்டியில், பத்து நிமிடத்தில் கழற்றி வெயிலில் போட முடியாத கார்பெட்டைப் போடாதீர்கள்.

எப்போது, எவ்வளவு நேரம்

தை முதல் சித்திரைக்குள் செய்துவிடுங்கள். பெயின்ட் காய வேண்டும், தகடு காய வேண்டும், வண்டி சீட் இல்லாமல் சில நாள் நிற்க வேண்டும். தளம் நன்றாக இருந்தால் இரண்டு நாள் வேலை. துரு இருந்தால் இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கார்பெட்டுக்குப் போகும் நேரம் கொஞ்சம்தான்.

மாருதி ஜிப்சி 1985 டிசம்பரில் 970 சி.சி. எஞ்சினோடு வந்தது. 1996-ல் 1298 சி.சி. எஞ்சினோடு ஜிப்சி கிங் வந்தது, 2000-ல் கார்புரேட்டருக்குப் பதில் எலக்ட்ரானிக்காகப் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின் வந்தது. கார்பெட் வேலைக்கு இந்த வித்தியாசங்கள் பெரிதாகக் குறுக்கே வராது. ஏணி மாதிரியான இரும்புச் சட்டத்தின் (லேடர் சேசிஸ்) மேல் உட்கார்ந்திருக்கும் மெல்லிய தகட்டுத் தளம், முன்னால் கால் வைக்க இரண்டு பள்ளம், நடுவில் கியர்பாக்ஸ் மேடு, பின்னால் சமதளம், இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு மேல் வளைந்து நிற்கும் வீல் ஆர்ச் என்று எல்லாம் ஒரே அமைப்புதான். மஹிந்திரா ஜீப், பழைய தார் வைத்திருப்பவர்களும் அளவை மட்டும் மாற்றிக்கொண்டு இதையே செய்யலாம்.

சீட்டைக் கழற்றுவது

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வையுங்கள். முந்தின நாள் இரவே வண்டிக்கு அடியில் படுத்து, சீட் போல்ட்டுகளின் நுனி வெளியே தெரிந்தால் வயர் பிரஷ்ஷால் சேற்றைத் தேய்த்துவிட்டு டபிள்யூ.டி. 40 அடித்து விடுங்கள். மேலே இருந்து மட்டும் முறுக்கினால் என்ன ஆகும் என்றால், சேறும் துருவும் அடைத்த மரை நட்டுக்குள் ஏறி இறுகும். தகட்டோடு வெல்டு வைத்த நட்டு பிய்ந்துகொண்டு உள்ளேயே சுற்ற ஆரம்பித்தால், அன்றைய வேலை அதோடு முடிந்தது. எனக்கு ஒரு போல்ட் அப்படிப் போனது. கிரைண்டர் வைத்துத் தலையை அறுத்தேன்.

ஸ்பேனரை ஒரே மூச்சில் இழுக்காதீர்கள். கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று திரும்ப முறுக்கி, மறுபடி கழற்றுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் போல்ட் முழுசாக வெளியே வரும்.

கழற்றிய போல்ட்டுகளை மருந்துக்கடை கவரில் போட்டு, எந்தச் சீட், எந்த மூலை என்று எழுதி வையுங்கள். சீட் பெல்ட் போல்ட்டுகளுக்குத் தனிக் கவர். பெரும்பாலான வண்டிகளில் பெல்ட் போல்ட் 7/16 இஞ்ச், இஞ்சுக்கு 20 மரை கொண்டது. மற்ற மெட்ரிக் போல்ட்டுகளோடு கலந்துவிட்டு, உள்ளே போகிறதே என்று வேறொன்றைத் திருகினால் மரை கெட்டுவிடும். உயிரைக் காப்பாற்ற வேண்டிய போல்ட் அது.

பின்னால் எதிரெதிர் பெஞ்சு சீட் இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். அதை அப்படியே வைத்துக்கொண்டு சுற்றி வெட்டலாம் என்று தோன்றும். வேண்டாம். பின்பக்க வீல் ஆர்ச்சும் தளமும் சேரும் மூலைதான் முதலில் அழுகும் இடம், பெஞ்சு அதை மறைத்துவிடும்.

பழையதைப் பிரிப்பது

கிழிந்து நைந்திருந்தாலும் பழைய கார்பெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அளவு எடுக்க அதுதான் முதல் மாதிரி. பிரிப்பதற்கு முன்னால் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். ஒயரிங் எந்த ஓரமாகப் போகிறது, எந்தக் கிளிப்பில் மாட்டியிருக்கிறது, பெல்ட் எந்த ஓட்டை வழியாக வருகிறது என்பதெல்லாம் பத்து நாள் கழித்துச் சத்தியமாக நினைவில் இருக்காது.

பசை காய்ந்து கெட்டியாகியிருந்தால் ஹீட் கன் அல்லது ஹேர் டிரையர் காட்டி, பட்டி போடும் தகட்டால் மெதுவாக நெம்பினால் வரும். பெட்ரோல் ஊற்றித் துடைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. மூடிய கேபினுக்குள் அந்த வேலையே வேண்டாம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் புது கார்பெட் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். போனால் அடுத்த வருடமும் போக வேண்டியிருக்கும்.

முதலில் ஈரத்தைத் தொட்டு, முகர்ந்து பாருங்கள். பிசுபிசுப்பும் இனிப்பு வாசமும் இருந்தால் அது மழைத் தண்ணீர் இல்லை, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். ஹீட்டர் உள்ள வண்டியில் அதன் குழாய்களைப் பாருங்கள். பிரேக் பெடலுக்கு மேலே முன் தகட்டில் பெயின்ட் சுருங்கி உரிந்து கோடாக இறங்கியிருந்தால் பிரேக் ஆயில் கசிகிறது. பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். அப்படி இருந்தால் கார்பெட்டை மறந்துவிட்டு நேராக மெக்கானிக்கிடம் போங்கள்.

மழைத் தண்ணீர்தான் என்றால் தளத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, பழைய செய்தித்தாளை விரித்துப் பரப்புங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார வேண்டும், இன்னொருவர் வெளியே தோட்டத்துக் குழாயால் தண்ணீர் விட வேண்டும். அழுத்தி அடிக்கக் கூடாது, மழை மாதிரி விழ வேண்டும். கீழிருந்து மேலே போங்கள்: முதலில் கதவின் அடிப்பகுதி, பிறகு கதவு ரப்பர், பிறகு வைப்பருக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரம், கடைசியில் முன் கண்ணாடி ரப்பர். ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம். மேலேயிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கும், எது ஓட்டை என்றே தெரியாது.

காகிதம் ஓரிடத்தில் கருத்ததும் அங்கிருந்து விரலால் தடவிக்கொண்டே மேலே போனால் வழி தெரிந்துவிடும். என் வண்டியில் முன் கண்ணாடியின் கீழ் மூலையில் ரப்பர் கட்டிதட்டி வெடித்திருந்தது. அங்கே நுழைந்த தண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயரிங் மேலேயே ஓடி, டிரைவர் காலடியில் வந்து சொட்டிக்கொண்டிருந்தது. கிளட்ச் பக்கம் ஈரம் என்று நான் கதவு ரப்பரை மாற்றியது தண்டச் செலவு.

சாஃப்ட் டாப், அதாவது கேன்வாஸ் கூரை, வைத்திருப்பவர்களுக்கு ஒரு ஆறுதல். எங்கே ஒழுகவில்லை என்று தேடுவதுதான் உங்களுக்குச் சுலபம். உங்கள் தளம் எப்படியும் நனையும் என்று வைத்துக்கொண்டு, தண்ணீர் சீக்கிரம் வெளியேறுவதற்கு வழி பாருங்கள். தளத்தில் வட்டமான ரப்பர் அடைப்பான்கள் இருக்கும். அவற்றைப் பிடுங்கிப் பார்த்து, இறுகி வெடித்திருந்தால் புதிது போடுங்கள். ஆற்றில் இறங்கிவிட்டு வந்தால் அதைக் கழற்றித் தண்ணீரை வெளியே விடலாம். இருக்கும் ஓட்டையின் மேல் தார் ஷீட்டை ஒட்டி மூடிவிட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். வண்டியைத் தொட்டியாக்குகிற வேலை அது.

துரு

ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தளம் முழுவதும் குத்திப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், பலமாகவே குத்துங்கள். நல்ல தகடு டிங் என்று சொல்லும். அழுகிய தகடு பொத்தென்று ஓசை கொடுத்து உள்ளே போகும். இன்று ஸ்க்ரூடிரைவர் போகாவிட்டால் நாளை கால் போகும்.

மேல் துரு மட்டும் என்றால் நீங்களே சமாளிக்கலாம். கிரைண்டரில் வயர் கப் மாட்டி, கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, உதிரும் துருவை எல்லாம் எடுங்கள். குழிகளுக்குள் மிச்சம் நிற்கும் துருவுக்கு ரஸ்ட் கன்வர்ட்டர் தடவுங்கள். துரு கறுப்பாக மாறும். உதிரும் துருவின் மேலேயே அதைத் தடவினால் மேல்பொருக்குதான் கறுக்கும், அடியில் வேலை தொடரும். அடுத்து எபாக்ஸி பிரைமர், அதன் மேல் பெயின்ட். வெறும் ரெட் ஆக்சைடோடு நிறுத்திவிடுவது நம் ஊர்ப் பழக்கம். ரெட் ஆக்சைடு ஈரத்தை உள்ளே விடும். மேலே பெயின்ட் அடித்தால்தான் அது காவல். தகடுகள் சேரும் இணைப்புகளில் பாலியூரித்தேன் சீலன்ட் இழுத்துவிடுங்கள். பாத்ரூமுக்குப் போடும், புளித்த வாடை அடிக்கும் சிலிக்கானை இங்கே போடாதீர்கள். அது காயும்போது வெளிவிடும் அமிலமே வெறும் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

ஓட்டை இருந்தால் தகட்டு வேலை செய்யும் டிங்கரிடம்தான் போக வேண்டும். பிளாட்ஃபாரம் ஒட்டு என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும். நான் செலவைக் குறைக்கலாமே என்று ஃபைபர் வைத்துப் பட்டி போட முடியுமா என்று கேட்டேன். அவர் சுத்தியலின் பின்பக்கத்தால் ஒரு தட்டு தட்டினார். ரூபாய் நாணயம் அளவு இருந்த ஓட்டை உள்ளங்கை அளவு ஆனது. “பட்டி எதுல ஒட்டுங்கண்ணா? ஒட்ட தகடு வேணுமில்லீங்க” என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நல்ல தகடு தெரியும் வரை அறுத்து, புதுத் தகடு வைத்து வெல்டு செய்தோம்.

வெல்டிங்குக்கு முன் மூன்று விஷயம். ஜிப்சியின் பெட்ரோல் டேங்க் பின் தளத்துக்கு அடியிலேயே இருக்கிறது. பின்பக்கம் வெல்டு வைப்பதாக இருந்தால் டேங்க்கை இறக்காமல் விடவே விடாதீர்கள். பெட்ரோல் பைப்பும் பிரேக் பைப்பும் எந்த வழியாகப் போகின்றன என்று அடியில் படுத்துப் பார்த்துவிட்டு டிங்கரிடம் காட்டுங்கள். எம்.பி.எஃப்.ஐ. வண்டி என்றால் பேட்டரியைக் கழற்றுவதோடு எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.எம்.மின் கனெக்டரையும் கழற்றிவிடுவது நல்லது. வெல்டு முடிந்ததும் அடிப்பக்கமும் பிரைமரும் அண்டர் கோட்டிங்கும் அடித்தார்களா என்று நீங்களே குனிந்து பாருங்கள். மேலே மட்டும் அழகாக அடித்துக் கொடுப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது.

எந்த கார்பெட்

சீட் கவர் கடைகளில் காட்டும்போது எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சணல் பின்னணி இருந்தால் வேண்டாம், தண்ணீரைக் குடித்துக்கொண்டு விடாது. மெத்தென்று நீண்ட இழை வைத்தது சொகுசு காருக்குச் சரி, செம்மண் ஏறினால் வெளியே வராது. ஜிப்சிக்கு எனக்குப் பிடித்தது பாலிப்ரொப்பிலீன் ஊசிக்குத்து கார்பெட். பார்க்க ஃபெல்ட் மாதிரி இருக்கும், இழை தண்ணீரை உறிஞ்சாது, வளைவுகளில் கொஞ்சம் இழுத்தால் நீளும், வெட்டிய ஓரம் பிரியாது. லூப் கார்பெட் அழகு அதிகம், கூடவே வேலையும் அதிகம்.

கால் மிதிக்கும் இடத்துக்குக் கார்பெட்டே வேண்டாம், கனமான ரப்பர் மேட் போதும் என்று வாதிடுபவர்கள் உண்டு. காட்டுக்குள் வாரம் தவறாமல் போகிறவர்களுக்கு அது சரிதான். நான் மாதம் ஒருமுறை போகிற ஆள், மற்ற நாளெல்லாம் கடைக்கும் பள்ளிக்கும்தான் வண்டி ஓடுகிறது.

அடியில் போடுவதற்கு, தண்ணீர் ஊறாத மூடிய நுரை ஷீட்டை மட்டும் வாங்குங்கள். சோபாவுக்குப் போடும் ஸ்பாஞ்சு வேண்டவே வேண்டாம். கியர்பாக்ஸ் மேட்டுக்கு அலுமினியத் தாள் ஒட்டிய நுரை ஷீட் போட்டால் காலில் அடிக்கும் சூடு குறையும். அதிர்வைக் குறைக்கும் பியூட்டில் ஷீட் பற்றிக் கடைக்காரர் நிறையச் சொல்வார். சாஃப்ட் டாப்பில் அதற்குச் செலவழிப்பது வீண், சத்தமெல்லாம் மேலே கேன்வாஸில் இருந்து வருகிறது. ஹார்டு டாப் என்றால் தட்டினால் அதிகம் அதிரும் இடங்களில் மட்டும் துண்டு துண்டாக ஒட்டினால் போதும். அதை அழுத்தித் தேய்க்க உருளை வேண்டும். எங்கள் வீட்டில் அன்றைக்குச் சப்பாத்திக் கட்டை காணாமல் போனது.

ஒன்றரை மீட்டர் அகலத்தில் நான்கு மீட்டர் வாங்கினேன். அரை மீட்டர் மிஞ்சியது. மிஞ்சுவது நல்லதுதான், ஒரு துண்டு கெட்டுப்போனால் அதே நிறம் மறுபடி கிடைக்காது.

ஃப்ளெக்ஸ் பேனரில் மாதிரி

கார்பெட்டை நேரடியாக வண்டிக்குள் வைத்து வெட்ட ஆரம்பிக்காதீர்கள். முதலில் ஒரு மாதிரி வெட்டுங்கள். செய்தித்தாள் கிழியும், அட்டை வளையாது. இதற்கென்றே படைக்கப்பட்ட பொருள் பழைய ஃப்ளெக்ஸ் பேனர். வளையும், கிழியாது, மார்க்கரில் எழுதலாம். ஏதோ ஒரு கல்யாண பேனர் எனக்குக் கிடைத்தது. கியர் ராடு மாப்பிள்ளையின் மூக்கு வழியாக வந்தது, மணப்பெண் பின் தளத்துக்குப் போய்விட்டார்.

ஒரே துண்டாகச் செய்ய ஆசைப்படாதீர்கள். கம்பெனிகள் சூடாக்கி அச்சில் அழுத்தி வடிவம் கொடுக்கின்றன, நம்மால் அது ஆகாது. டிரைவர் காலடி, அடுத்த சீட்டின் காலடி, கியர்பாக்ஸ் மேடு, பின் தளம், இரண்டு வீல் ஆர்ச் என்று ஆறு துண்டு போதும். முதலில் மேட்டுக்கு மாதிரி எடுங்கள், பிறகு காலடித் துண்டுகள் மேட்டுத் துண்டின் ஓரத்தின் மேல் இரண்டு விரல் அகலம் ஏறி உட்காரும்படி வரையுங்கள். ஒவ்வொரு மாதிரியிலும் ‘மேல்’ என்றும், வண்டியின் முன்பக்கம் காட்டும் ஒரு அம்புக்குறியும் போடுங்கள். மேல் கீழ் மாறி, இடது காலடியை இரண்டு தடவை வெட்டிய ஆள் நான்.

அம்புக்குறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. கார்பெட்டைக் கையால் தடவினால் ஒரு பக்கம் வழுக்கும், எதிர்ப்பக்கம் உரசும். எல்லாத் துண்டும் ஒரே திசையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெயிலில் ஒரு துண்டு கறுப்பாகவும் பக்கத்துத் துண்டு சாம்பலாகவும் தெரியும்.

வெட்டுவது

மாதிரியைக் கவிழ்த்துப் போட்டு, கார்பெட்டின் பின்பக்கத்தில் சாக்பீஸால் வரைந்து, சுற்றிலும் இரண்டு விரல் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். புது பிளேடு போட்ட கட்டர், அடியில் பலகை. வண்டிக்குள் வைத்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். வளைவில் மடிப்பு விழுந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு கீறல் கொடுங்கள், உட்கார்ந்துவிடும்.

போல்ட் ஓட்டைக்கு டிரில் போடவே போடாதீர்கள். டிரில் பிட்டில் ஒரு இழை சிக்கினால் போதும், சர்ரென்று சுற்றிக்கொண்டு நூல் உருவிவரும், லூப் கார்பெட்டில் ஒரு கோடே வழுக்கையாகிவிடும். கீழிருந்து நீண்ட ஊசியைக் குத்தி இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்க்ரூடிரைவரை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி அந்த இடத்தில் வையுங்கள். இழை உருகி, ஓட்டையின் ஓரம் சீல் ஆகிவிடும். வீட்டுக்கு வெளியே செய்யுங்கள், அந்தப் புகை மோசம்.

கியர் ராடு, ஃபோர் வீல் ராடு இரண்டுக்கும் ஓட்டை வெட்டும்போது எல்லா நிலையிலும் போட்டுப் பாருங்கள். முக்கியமாக ஃபோர் லோவுக்கு (நாலு சக்கரமும் இழுக்கும் குறைவேக நிலை) தள்ளிப் பாருங்கள். நாம் தினமும் இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் டூ ஹையில் ஓட்டுவதால் அந்தப் பக்கம் மறந்துவிடும். ராடு கார்பெட் ஓரத்தில் இடித்து நின்றால் முழுதாக விழாமல் பாதியில் நிற்கும், சேற்றில் மாட்டிக்கொண்ட நேரத்தில் வழுக்கி நியூட்ரலுக்கு வந்துவிடும்.

எல்லாத் துண்டும் சரியாக உட்கார்ந்ததும் சீட் கவர் தைப்பவரிடம் கொடுத்து ஓரத்துக்கு ரெக்சின் பைப்பிங் அடித்துவிடுங்கள். டிரைவர் குதிகால் படும் இடத்தில் ஒரு தடித்த ரெக்சின் துண்டையும் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். பழைய கார்பெட் முதலில் ஓட்டையானது அங்கேதானே.

ஒட்டுவதும் ஒட்டாமல் விடுவதும்

பசை வீல் ஆர்ச்சுக்கும் கியர்பாக்ஸ் மேட்டின் பக்கங்களுக்கும் மட்டும். ஃபெவிகால் எஸ்.ஆர். 998 மாதிரி ரப்பர் பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும் வரை பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, பிறகு அழுத்துங்கள். அவசரப்பட்டு ஈரமாக ஒட்டினால் அடுத்த சித்திரை வெயிலில் தொங்கும். கதவுகள் திறந்தே இருக்கட்டும், பக்கத்தில் பீடி கூட வேண்டாம்.

தளத்துத் துண்டுகளுக்குப் பசை கிடையாது. ஓரங்களில் வெல்க்ரோவோ, பையில் இருக்குமே அந்த டிச் பட்டனோ போதும். பின் தளத் துண்டை பெஞ்சு சீட் போல்ட் பிடித்துக்கொள்ளும். காலடித் துண்டுகள் முன் ஓரத்தில் இரண்டு பட்டனிலும், பின் ஓரத்தில் சீட் தண்டவாளத்துக்கு அடியிலும் நிற்கும்.

நிற்கும் என்பது முக்கியம். நகர்ந்து பெடலுக்கு அடியில் போகக் கூடாது. 2009-ல் அமெரிக்காவில் டொயோட்டா சுமார் 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது, ஆக்சிலேட்டர் பெடல் தரை மேட்டில் சிக்கிக்கொள்ளும் ஆபத்துக்காக. ஆகவே வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மூன்று பெடலையும் அடிவரை கையால் அழுத்தி விட்டுப் பாருங்கள். ஆக்சிலேட்டர் தானாக முழுசாக மேலே வர வேண்டும். கிளட்ச் அடிவரை போகாமல் தடித்த கார்பெட்டில் முட்டினால் கியர் விழும்போது கரகரக்கும், மெக்கானிக் கிளட்ச் பிளேட் போச்சு என்பார்.

சீட்டுகளைத் திரும்பப் போடும்போது எல்லா போல்ட்டையும் முதலில் கையால் நாலு சுற்று ஏற்றிவிட்டு, பிறகு ஸ்பேனர் போடுங்கள். பெல்ட் போல்ட்டுகளின் வாஷருக்கும் தகட்டுக்கும் நடுவில் கார்பெட்டோ நுரையோ நசுங்கி நிற்கக் கூடாது. அந்த இடத்தில் தாராளமாக வெட்டிவிடுங்கள், இரும்பு இரும்போடு உட்கார வேண்டும். முறுக்கு எவ்வளவு என்று சர்வீஸ் புத்தகத்தில் பார்த்து டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ரெஞ்ச் இல்லையென்றால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் வொர்க்ஷாப் போய் வாருங்கள்.

முதல் பெரிய மழைக்கு மறுநாள் காலை, காலடித் துண்டுகளைத் தூக்கித் தளத்தில் வெறும் கையை வையுங்கள். போன மழைக்கு நான் வைத்துப் பார்த்தேன். டிரைவர் பக்கம் காய்ந்து கிடந்தது. இடப்பக்க முன் மூலையில் ஒரு கரண்டித் தண்ணீர் நின்றது. துணியால் ஒற்றி எடுத்து, துண்டைக் காம்பவுண்டு சுவர் மேல் காயப்போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி குழாயும் செய்தித்தாளும்தான்.